நெடுந்தீவுக்குப் படகேறும் முன்: முதல்முறை போகிறவர்களுக்கு

யாழ்ப்பாணம் வந்து நெடுந்தீவுக்குப் போக நினைக்கிறவர்கள் குதிரை, கோட்டை, பெருக்கு மரம் எல்லாவற்றையும் பற்றி விசாரித்து வைத்திருப்பார்கள். படகைப் பற்றி மட்டும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த நாள் நன்றாக அமைவதும் கெட்டுப்போவதும் பெரும்பாலும் படகில்தான் இருக்கிறது. அதனால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் படகைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

யாழ்ப்பாணத்தைச் சுற்றியுள்ள தீவுகளில் மண்டைதீவு, வேலணை, புங்குடுதீவு, காரைநகர் எல்லாம் கடலுக்குக் குறுக்கே போட்ட தெருக்களால் குடாநாட்டோடு இணைந்துவிட்டன. நயினாதீவு, எழுவைதீவு, அனலைதீவு, நெடுந்தீவு ஆகிய நான்குக்கும் இன்றும் கடல்வழிதான். இந்த நான்கிலும் பெரியதும் தொலைவானதும் நெடுந்தீவு. பரப்பு ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர். குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகில் ஒரு மணி நேரம் பிடிக்கும். காற்று எதிர்த்தால் அதற்கும் மேல்.

வெளிக்கிடும் முன் இரண்டு விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஏறப்போவது சுற்றுலாப் படகல்ல, நெடுந்தீவு மக்களின் தெரு. ஆசிரியரும் தாதியும் மீன் விற்றவரும் பரீட்சை எழுதப் போகும் பிள்ளையும் அரிசி மூட்டையும் காஸ் சிலிண்டரும் அதில்தான் போகவேண்டும். இரண்டாவது, உங்கள் நாளைக் காலைப் படகிலிருந்து திட்டமிடாதீர்கள். பிற்பகலில் தீவிலிருந்து திரும்பும் படகு எத்தனை மணிக்கு என்று முதலில் கேளுங்கள். அதிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வாருங்கள். மற்றதெல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

எந்த மாதம் போகலாம்

இந்தக் கடலோரத்தில் பருவங்களைக் காற்றின் பெயரால்தான் சொல்வார்கள். மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசுவது சோளகம். மழைக்காலத்தில் வடகிழக்கிலிருந்து வருவது வாடை. இரண்டுக்கும் நடுவில், பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை, கடல் பெரும்பாலும் அமைதியாகக் கிடக்கும். கடல் பழக்கமில்லாதவர்களும் சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்களும் அந்த மூன்று மாதங்களில் ஒன்றைத் தெரிந்தெடுப்பது நல்லது.

சோளகக் காலத்தில் போகவே கூடாது என்றில்லை. வெயில் நன்றாக எறிக்கும், படகும் ஓடும். ஆனால் குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவு தென்மேற்கே இருக்கிறது. ஆகவே போகும்போது காற்று நேரே முகத்தில் அடிக்கும், படகின் முன்னணியம் அலையில் இறங்கி ஏறும், தண்ணீர் வாரி இறைக்கும். திரும்பும்போது அதே காற்று முதுகில் இருப்பதால் பயணம் சற்று இலகுவாகிவிடும். பாக்கு நீரிணையின் இந்தப் பக்கத்துக் கடல் ஆழம் குறைந்தது. ஆழமில்லாத கடலில் காற்று எழுப்பும் அலை நீண்டு உருளாது. குறுகிக் குத்தென்று எழும்பும். அலையின் உயரத்தைப் பார்த்து இவ்வளவுதானே என்று நினைத்தவர்களையும் அது நன்றாகக் குலுக்கிவிடும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. தாழமுக்கம் ஏதும் உருவானால் படகுச் சேவையை நாள்கணக்கில் நிறுத்திவிடுவார்கள். அந்த மாதங்களில் வந்தால் நெடுந்தீவுக்கென்று ஒதுக்கிய நாளுக்குப் பின்னால் இன்னொரு நாளையும் வெறுமையாக விட்டு வையுங்கள். தீவுக்குப் போன மறுநாள் காலையில் விமானம் பிடிக்கவேண்டும் என்கிற மாதிரித் திட்டம் எந்தப் பருவத்திலும் வேண்டாம்.

வளிமண்டலவியல் திணைக்களம் நாள்தோறும் கடற்பகுதிகளுக்கான அறிக்கை வெளியிடுகிறது. அதில் காங்கேசன்துறை, மன்னார் என்று பெயர் வரும் வரியைப் பாருங்கள். நெடுந்தீவுக் கடல் அதற்குள்தான் வருகிறது. கொந்தளிப்பு என்ற சொல் அந்த வரியில் இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

எந்த நாள்

வாரத்தின் நடுவில் போவதுதான் நல்லது. செவ்வாய், புதன், வியாழன் மூன்றும் வசதியானவை. திங்கள் காலையிலும் வெள்ளி பிற்பகலிலும் தீவில் வேலை பார்க்கிறவர்கள் போவதும் வருவதுமாக இருப்பார்கள். அந்த நெரிசலில் நீங்களும் போய் நிற்கவேண்டாம். சனி, ஞாயிறுகளிலும் போயா எனப்படும் பௌர்ணமி விடுமுறை நாட்களிலும் குறிகட்டுவானில் நயினாதீவுக்குப் போகும் யாத்திரிகர்களின் பஸ்கள் தெருநீளம் நிற்கும். நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழா ஆனி மாதத்தில், அதாவது ஜூன், ஜூலையில் வரும். அந்த நாட்களில் இறங்குதுறை முழுவதும் சனமாக இருக்கும். பெப்ரவரி அல்லது மார்ச்சில் கச்சதீவு அந்தோனியார் திருவிழா நடக்கும்; அதற்கும் குறிகட்டுவானிலிருந்து படகுகள் போவதால் வழக்கமான ஓட்டம் மாறலாம். திருவிழாவுக்கே போகிறீர்கள் என்றால் அது வேறு கதை. நெடுந்தீவைப் பார்க்கப் போகிறவர்கள் அந்த நாட்களைத் தவிர்த்துக்கொள்ளலாம்.

முதல் நாள் மாலையில்

படகு நேரங்கள் அடிக்கடி மாறும். இயந்திரம் பழுதானால், எரிபொருள் தட்டுப்பட்டால், பள்ளிக்கூட விடுமுறை வந்தால், காற்று மாறினால் நேரமும் மாறும். பழைய பயணக் குறிப்பில் கண்ட நேரத்தை நம்பிப் போகாதீர்கள். பொதுவாகக் காலையில் பத்து மணிக்கு முன்பாகவே தீவுக்கான படகுகள் புறப்பட்டுவிடும், திரும்பும் படகு பிற்பகலில் இருக்கும் என்ற அளவில் நினைவு வைத்துக்கொண்டு, சரியான நேரத்தை முதல் நாளே கேட்டறியுங்கள். நீங்கள் தங்கியிருக்கும் இடத்துக்காரர்கள் தொலைபேசியில் யாரையாவது பிடித்துக் கேட்டுச் சொல்வார்கள். யாழ்ப்பாணத்தில் நெடுந்தீவு உறவு இல்லாத ஆள் குறைவு.

கேட்க வேண்டியது மூன்றுதான். நாளைக் காலை முதல் படகு எத்தனை மணிக்கு? தீவிலிருந்து கடைசிப் படகு எத்தனை மணிக்கு? நாளைக்குக் காற்று எப்படி?

பையைப் பெரிதாகக் கட்டாதீர்கள். ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர், தொப்பி, ஒரு துவாய், பிஸ்கற்றோ வாழைப்பழமோ, தேசிய அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு. இவ்வளவு போதும். தண்ணீரை மட்டும் குறைத்துக்கொள்ளாதீர்கள். நெடுந்தீவில் நல்ல தண்ணீர் அருமையான பொருள். ஊர்ச்சனமே வறட்சிக் காலத்தில் அதற்காக அலைகிறது. போனையும் கமராவையும் பொலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டி வையுங்கள். காசு நோட்டாகவும் சில்லறையாகவும் தேவையான அளவு எடுத்துக்கொள்ளுங்கள். தீவில் இறங்கிய பிறகு அட்டையைத் தேய்த்துச் சமாளிக்கலாம் என்ற நினைப்பு வேண்டாம்.

வயிற்றைக் குமட்டும் என்று பயமுள்ளவர்கள் மருந்துக்கடையில் கேட்டுப் பயண மாத்திரை வாங்கி, படகேறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். படகு ஆடத் தொடங்கிய பிறகு விழுங்கினால் பெரிய பயன் இராது. வெறும் வயிற்றோடும் போகவேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம். இரண்டு இட்லி, அல்லது ஒரு துண்டு பாணும் சம்பலும், ஒரு பிளேன்ரீ. சரியான அளவு.

குறிகட்டுவானுக்குப் போய்ச் சேர்வது

யாழ்ப்பாண மத்திய பஸ் நிலையத்தில் 776 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறுங்கள். பெயர்ப்பலகையில் குறிகட்டுவான் என்றோ குறிகாட்டுவான் என்றோ இருக்கும். இரண்டும் ஒரே இடம். வெளியூர்க்காரர் சிலர் இதைக் காங்கேசன்துறையோடு குழப்பிக்கொள்வார்கள். நாகப்பட்டினத்திலிருந்து 2023 அக்டோபரில் தொடங்கிய கப்பல் வந்து சேருவது காங்கேசன்துறைக்கு. அது யாழ் நகருக்கு வடக்கே இருக்கிறது, குறிகட்டுவான் தென்மேற்கே. அந்தக் கப்பலில் வந்து இறங்குகிறவர்கள் முதலில் யாழ் நகருக்கு வந்து, ஒரு இரவு தங்கி, மறுநாள் தீவுக்குப் போவதுதான் நடைமுறைக்குச் சரி.

பஸ்ஸில் ஒன்று, ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். இந்த வழியே ஒரு காட்சிதான், தூங்கிவிடாதீர்கள். யாழ் கோட்டையைத் தாண்டியதும் பண்ணைப் பாலம். இரு பக்கமும் கடல்நீரேரி, நடுவே ஒற்றைத் தெரு, தண்ணீரில் இறங்கி நின்று வலை பார்க்கிற ஆட்கள். பிறகு மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை. வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குப் போவது வாணர் பாலம். புங்குடுதீவில் பூட்டிக் கிடக்கும் பெரிய கல்வீடுகளைப் பார்ப்பீர்கள். போர்க்காலத்தில் வெளிக்கிட்டுப் போனவர்களின் வீடுகள் அவை. அதையும் தாண்டித் தெரு முடிகிற இடந்தான் குறிகட்டுவான்.

ஓட்டோவிலோ வாடகை வானிலோ வந்தால் ஓட்டுநரிடம் திரும்பும் நேரத்தைக் காலையிலேயே கதைத்துக்கொள்ளுங்கள். சொந்த வாகனத்தில் வருகிறவர்கள் இறங்குதுறைக்கு அருகே நிறுத்திவிட்டுப் போகலாம். மோட்டார் சைக்கிளைப் படகில் ஏற்றிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்து நீங்களும் ஆசைப்படவேண்டாம். ஏற்றி இறக்குவது அனுபவம் உள்ள ஆட்களுக்கே சிரமமான காரியம்.

இறங்குதுறையில்

வந்ததும் முதல் வேலை, சரியான வரிசையைக் கண்டுபிடிப்பது. புதிதாக வருகிறவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். குறிகட்டுவானில் நிற்கும் கூட்டத்தில் பெரும்பகுதி நயினாதீவுக்குப் போகிற கூட்டம். அம்மன் கோயிலுக்குப் போகிற தமிழ்ச் சனமும், வெள்ளை உடுத்து நாகவிகாரைக்குப் போகிற சிங்கள யாத்திரிகர்களும் நீளமாக நிற்பார்கள். நீங்கள் அந்த வரிசையின் வாலைப் பிடித்தால் கால்மணி நேரத்தில் நயினாதீவில் போய் இறங்குவீர்கள், நெடுந்தீவுப் படகு உங்களை விட்டுவிட்டுப் போயிருக்கும். ஆகவே நிற்கும் முன் கேளுங்கள்.

“அண்ணை, நெடுந்தீவு லோஞ்ச் எது?”

“அந்தக் கடைசியில நிக்கிறது. சாமான் ஏத்தி முடிய ஆக்களை ஏத்துவினம். அங்கால போய் நில்லுங்கோ தம்பி.”

இவ்வளவுதான். யாரும் சலித்துக்கொள்ள மாட்டார்கள். கையோடு திரும்பும் படகு எப்போது என்றும் இன்னொரு முறை கேட்டுவிடுங்கள். முதல் நாள் தொலைபேசியில் கேட்ட நேரமும் இப்போது படகுக்காரர் சொல்கிற நேரமும் வேறாக இருந்தால், படகுக்காரர் சொன்னதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கடலில் ஓடுகிற படகுகள் ஒரே மாதிரி இராது. வடதாரகை, 2017 இல் சேவைக்கு வந்த நெடுந்தாரகை போன்ற பெரிய படகுகள் உண்டு. குமுதினி என்ற பெயர் தீவாரின் வாழ்க்கையோடு பல பத்தாண்டுகளாகப் பின்னிப் பிணைந்தது. இவற்றோடு தனியாரின் மரப்படகுகளும் ஓடுகின்றன. எந்த நாளில் எது ஓடும் என்பது அன்றன்றைய நிலையைப் பொறுத்தது. கட்டணத்தைப் பெரும்பாலும் படகிலேயே வாங்கிக்கொள்வார்கள். பெயரும் அடையாள அட்டை இலக்கமும் பதியச் சொன்னால் மறுபேச்சில்லாமல் எழுதிக் கொடுங்கள். கடலில் ஏதும் நேர்ந்தால் யார் யார் படகில் இருந்தார்கள் என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி. இறங்குதுறையில் கடற்படையினர் இருப்பார்கள். அவர்களையும் அவர்களின் முகாமையும் படம் எடுக்கவேண்டாம்.

படகு நிறைந்துவிட்டால் அடுத்ததற்கு நில்லுங்கள். அடுத்தது இல்லையென்றால் அன்று நயினாதீவைப் பார்த்துவிட்டு நாளைக்கு வாருங்கள். தீவின் ஆள் ஒருவர் மருத்துவமனைக்கோ மரண வீட்டுக்கோ போகவேண்டி நிற்கையில், அந்த ஓர் இடத்தை நீங்கள் விட்டுக்கொடுப்பது பெரிய இழப்பல்ல. உங்களுக்கு அது ஒரு நாள் சுற்றுலா. அவருக்கு வேறு வழியே கிடையாது.

படகில் கால் வைப்பது

ஏறும் வேலையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் காயப்படுவது பெரும்பாலும் கடலில் அல்ல, இந்த ஓர் எட்டில்தான். சில நாட்களில் படகு துறையோடு ஒட்டி நிற்காது. ஒரு படகுக்கு அப்பால் இன்னொன்றைக் கட்டியிருப்பார்கள். முதல் படகின் தட்டில் ஏறி, அதைக் கடந்து, இரண்டாவதில் இறங்கவேண்டும். இரண்டு படகுகளும் அலைக்கு ஏற்ப ஒன்று மேலும் ஒன்று கீழுமாக அசைந்துகொண்டிருக்கும். நடுவே அவை விலகி விலகி உரசும்.

கையில் ஒன்றும் இருக்கக் கூடாது. பை முதுகில், போன் பைக்குள், பிள்ளை பெரியவர் ஒருவரின் பொறுப்பில். செருப்பு வழுக்குகிற மாதிரி இருந்தால் கழற்றிப் பையில் செருகிவிட்டு வெறுங்காலோடு ஏறுங்கள். ஊர்ச்சனம் அப்படித்தான் ஏறும். படகு தாழ்ந்து போகையில் குதிக்காதீர்கள். அது எழும்பித் துறையின் மட்டத்துக்கு வருகிற நொடியில் ஓர் எட்டு எடுத்து வையுங்கள். படகுப் பொடியன் ஒருவன் கை நீட்டிக்கொண்டு நிற்பான். அவன் விரல்களைப் பிடிக்காமல் மணிக்கட்டைப் பிடியுங்கள், அவனும் உங்கள் மணிக்கட்டைப் பிடிப்பான். நனைந்த விரல் நழுவும், மணிக்கட்டு நழுவாது. “கையைத் தாங்கோ அக்கா, பயப்பிடாதேங்கோ” என்று அவன் சொல்லும்போது வெட்கப்படாமல் கொடுத்துவிடுங்கள். இரண்டு படகுகளுக்கும் இடையில் கையையோ காலையோ ஒருபோதும் வைக்காதீர்கள். விலகுவதைத் தடுக்கிறேன் என்று அப்படிச் செய்து விரல் நசுங்கியவர்கள் உண்டு.

உள்ளே இறங்கும் வாசல் தாழ்வானது. தலையைக் குனிந்து, படிக்கு முதுகு காட்டாமல், ஏணியில் இறங்குவதைப் போலப் பின்பக்கமாக இறங்குங்கள்.

எங்கே இருப்பது? குமட்டல் பயம் உள்ளவர்களுக்கு நடுப்பகுதி. படகு முன்னும் பின்னுமாகத் தூக்கிப் போடும்போது நடுவில்தான் ஆட்டம் குறைவு. இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தால் டீசல் மணமும் சூடும் சேர்ந்து வயிற்றைக் கலக்கும். மேல்தட்டில் இருக்க விட்டால் காற்று நன்றாக வரும், வெயிலும் தண்ணீரும் சேர்ந்தே வரும். கிழவர், கர்ப்பிணி, கைக்குழந்தைக்காரி வந்தால் எழும்பி இடம் கொடுங்கள். உயிர்காப்பு அங்கி கொடுத்தால் போட்டுக்கொள்ளுங்கள். கொடுக்காவிட்டால் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்து வையுங்கள். பக்கத்திலிருப்பவர் போடவில்லை என்பதற்காக நீங்களும் விடவேண்டாம். அவர் பிறந்ததிலிருந்து இந்தக் கடலில் போய் வருகிறவர்.

கடலில் அந்த ஒரு மணி நேரம்

புறப்பட்ட முதல் சில நிமிடங்கள் சும்மா குளத்தில் போவது போலிருக்கும். புங்குடுதீவும் நயினாதீவும் காற்றை மறித்துக்கொண்டு நிற்கின்றன. வலப்பக்கம் நாகபூசணி அம்மன் கோபுரம் தெரியும். தீவுகளின் மறைப்பை விட்டு வெளியே வந்ததும் படகின் ஓசையே மாறும். இயந்திரம் ஏறுமுகத்தில் உறுமும், முதல் பெரிய அலையில் முன்னணியம் தூக்கும். அதுவரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர்கள் கதையை நிறுத்திவிட்டுக் கம்பியைப் பிடிப்பார்கள். ஊர்ச்சனம் தூங்கிக்கொண்டு வரும்.

குமட்டல் வரும் போலிருந்தால் போனைப் பார்க்காதீர்கள், குனிந்து பைக்குள் எதையும் தேடாதீர்கள். தூரத்தில் அடிவானத்தைப் பாருங்கள். ஜன்னல் வழியே அது தெரிகிற இடத்துக்கு நகர்ந்துகொள்ளுங்கள். வந்தேவிட்டால் கையில் ஒரு பொலித்தீன் பை இருக்கட்டும். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். யாராவது ஒரு அக்கா தேசிக்காய் எடுத்து நீட்டுவாள், மணந்து பாருங்கள் என்று.

போகிற வழியில் ஒன்றை நினைத்துக்கொள்ளச் சொல்வேன். 1985 மே 15 அன்று இதே கடற்பாதையில் குமுதினிப் படகில் வந்துகொண்டிருந்த பயணிகள், பெண்களும் பிள்ளைகளும் உட்பட, வெட்டிக் கொல்லப்பட்டார்கள். உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் முதியவருக்கு அவர்களில் யாரோ ஒருவர் சொந்தமாக இருக்கலாம். ஆண்டுதோறும் அந்த நாளில் தீவில் நினைவேந்தல் நடக்கிறது; தீவின் இறங்குதுறையான மாவிலித்துறைக்கு அருகே நினைவுத்தூபி இருக்கிறது. நெடுந்தீவில் இறங்கியதும் ஒரு நிமிடம் அங்கே நின்றுவிட்டுப் போங்கள்.

தீவில் இறங்கியதும்

மாவிலித்துறையில் கால் வைத்தவுடன் மூன்றாவது முறையாகத் திரும்பும் படகின் நேரத்தைக் கேளுங்கள். நான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிற்பகலில் காற்று கூடும் நாட்களில் படகைச் சொன்ன நேரத்துக்கு முன்பே எடுத்துவிடுவதுண்டு. உங்களைக் கொண்டு சுற்றப் போகிற ஓட்டோக்காரரின் தொலைபேசி இலக்கத்தை வாங்கி, உங்களுடையதையும் கொடுங்கள். நேரம் மாறினால் துறையிலிருந்து அவருக்குச் செய்தி வந்துவிடும்.

தீவை நடந்து பார்க்க முடியாது. பார்க்கிற இடங்கள் ஒன்றுக்கொன்று தொலைவு, நிழல் குறைவு. துறையிலேயே ஓட்டோவும் சிறு வாகனங்களும் நிற்கும். ஏறும் முன் எந்தெந்த இடம், எத்தனை மணி நேரம், மொத்தம் எவ்வளவு என்று பேசி முடித்துக்கொள்ளுங்கள். அவர்கள் சொல்லும் தொகை யாழ்ப்பாண ஓட்டோக்காரர் சொல்வதைவிடக் கூடத்தான் இருக்கும். அவர்களுடைய பெட்ரோலும் இதே படகில்தான் வருகிறது என்பதை நினைத்துப் பேரம் பேசுங்கள். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வெயிலில் மிதிக்கத் தெம்பு உள்ளவர்கள் சைக்கிள் கிடைக்குமா என்று கேட்கலாம்.

அடுத்து, மதியச் சாப்பாட்டுக்கு இப்போதே சொல்லிவிடுங்கள். நகரத்துக் கடை மாதிரிப் போனதும் கிடைக்காது. காலையில் சொன்னால் மீன் வாங்கிச் சமைத்து வைப்பார்கள். சோறு, மீன்குழம்பு, சொதி, பொரியல் என்று அது நல்ல சாப்பாடாக அமையும். ஒரு மணிக்கு என்று சொன்னால் ஒரு மணிக்குப் போய் நில்லுங்கள். சாப்பாட்டில் தாமதித்துப் படகைத் தவறவிடுவது எளிது.

எதைப் பார்ப்பது, எதை விடுவது

நாலு மணி நேரத்தில் எல்லாவற்றையும் பார்க்க ஓடினால் ஒன்றும் பார்த்த மாதிரி இராது. என்னைக் கேட்டால் கோட்டை, பெருக்கு மரம், குதிரை, இவற்றுக்கிடையே ஓடும் கல்வேலிகள். இந்த நான்கும் போதும்.

கோட்டை மருத்துவமனைக்குப் பின்னால் இருக்கிறது. போர்த்துக்கேயரும் பிறகு ஒல்லாந்தரும் கையாண்ட இடம். தீவுக்கு டெல்ஃப்ட் என்ற மறுபெயர் ஒல்லாந்தர் வைத்தது. கோட்டை முழுவதும் முருகைக்கல்லால், அதாவது பவளப்பாறைக் கல்லால் கட்டியது. சுவரில் கிட்டப் போய்ப் பாருங்கள், ஒவ்வொரு கல்லிலும் கடலுக்கடியில் வளர்ந்த காலத்து வரிகளும் துளைகளும் அப்படியே தெரியும். ஏறி நிற்காதீர்கள், கல் பொறுக்காது. அருகில் ஒரு புறாக்கூடும் உண்டு. செய்தி அனுப்பப் புறா வளர்த்த இடம் என்கிறார்கள்.

முருகைக்கல்லை இன்னும் நன்றாக அறிய வேண்டுமானால் வேலிகளைப் பாருங்கள். சீமெந்து இல்லை, சுண்ணாம்பு இல்லை, கல்லின் மேல் கல்லை அடுக்கி எழுப்பியவை. கல்லின் கரடுமுரடே ஒன்றையொன்று பிடித்துக்கொள்கிறது. இடைவெளியால் காற்று ஊடுருவிப் போவதால் சோளகம் அவற்றைத் தள்ளி விழுத்துவதில்லை. ஓட்டோவை ஓர் ஒழுங்கையில் நிறுத்தச் சொல்லி இறங்கி நடந்து பாருங்கள். தீவிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். கல்லை மட்டும் எடுக்காதீர்கள். அது யாரோ ஒருவரின் காணி எல்லை.

பெருக்கு மரம் என்பது பாவோபாப் என்கிற ஆப்பிரிக்க மரம், பழைய காலத்து அராபிய வணிகர்கள் கொண்டுவந்தது என்பார்கள். அடிமரம் உள்ளே கோறையாகி, ஆட்கள் புகுந்து நிற்கும் அளவு இடம் இருக்கிறது. உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள். பெயர் கிறுக்காதீர்கள், ஏற்கெனவே கிறுக்கியவர்கள் போதும்.

மட்டக்குதிரைகள் தீவின் தெற்குப் பக்கத்து வெளியில் மேயும். ஐரோப்பியர் காலத்தில் வளர்த்தவற்றின் வழிவந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியர் இங்கே குதிரைப் பண்ணையே நடத்தினார்கள். லாயத்தின் இடிபாட்டை இன்றும் காணலாம். படம் எடுப்பதற்காக வாகனத்தை அவற்றின் பின்னால் விரட்டிக்கொண்டு போகச் சொல்லாதீர்கள். வறட்சி மாதங்களில் அவை தண்ணீருக்கே தவிக்கின்றன, ஓடவிட்டால் மேலும் வாடும். இறங்கி நின்று பொறுத்திருந்தால் தாமே கிட்ட வந்து மேயும். பிஸ்கற் போடவேண்டாம்.

நேரம் மிஞ்சினால் தெற்கு முனையில் குவிந்தா கோபுரம், மேற்கே வெடியரசன் கோட்டை என்று சொல்லும் மேடு. மிஞ்சாவிட்டால் விட்டுவிடுங்கள்.

திரும்புவது

சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்பே மாவிலித்துறையில் இருங்கள். காலையைவிடப் பிற்பகலில் கூட்டம் அதிகம், ஏனென்றால் இரண்டு மூன்று படகில் வந்தவர்கள் ஒரே படகில் திரும்பப் பார்ப்பார்கள். தீவின் ஆட்களும் பள்ளிக்கூடம் முடித்த ஆசிரியர்களும் அதில்தான் வருவார்கள். தவறவிட்டால் பதறவேண்டாம். தீவில் தங்குமிடங்கள் சில இருக்கின்றன. துறையில் நிற்கிறவர்களிடமோ ஓட்டோக்காரரிடமோ சொன்னால் ஒழுங்கு செய்து தருவார்கள். இருட்டுகிற நேரத்தில் சின்ன மீன்பிடி வள்ளம் ஒன்றைப் பேசிக்கொண்டு கடலில் இறங்குகிற யோசனை மட்டும் வேண்டாம். எவ்வளவு காசு தந்தாலும் தேவையில்லாத ஆபத்து அது.

உண்மையில் முடிந்தவர்கள் ஓர் இரவு தங்கிப் போவதுதான் நல்லது. பகல் வெயிலில் ஓடி ஓடிப் பார்க்காமல் மாலையிலும் விடியலிலும் வெளிகளைப் பார்க்கலாம், குதிரைகளும் அந்நேரம் நன்றாக மேயும். முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டுப் போங்கள்.

குறிகட்டுவானில் வந்து இறங்கியதும் பஸ் பெரும்பாலும் நின்றுகொண்டிருக்கும். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தால் முதலில் நடத்துநரிடம் அடுத்த பஸ் எப்போது என்று கேட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள். மாலையில் பஸ்கள் குறையும்.

நயினாதீவையும் அன்றே பார்த்துவிடலாமா என்று பலர் கேட்பார்கள். படகு அடிக்கடி ஓடுவதால் முடியாது என்று சொல்ல இயலாது. ஆனால் உப்பும் வெயிலும் பட்டுக் களைத்த உடம்போடு கோயிலுக்குப் போய் அரக்கப்பரக்கத் திரும்புவது எதற்கு? நயினாதீவை இன்னொரு நாள் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். பூசையைப் பார்த்து, நாகவிகாரை வரை நடந்துவிட்டு வந்து, மதியம் அமுதசுரபி அன்னதான மண்டபத்தில் பந்தியில் இருங்கள். ஆண்கள் கோயிலுக்குள் மேற்சட்டையைக் கழற்றவேண்டும், அதனால் வேட்டியோ சால்வையோ பையில் இருந்தால் வசதி.